வடிவமும் வினையும்

ஹைட்ரஜன் எரிந்தால் கரிப்புகை எழுவதில்லை, நீராவியே உண்டாகிறது. ஆயினும், அவ்வாயுவைத் திரவமாக்க −253 டிகிரி செல்சியஸ் வரை குளிர்விக்க வேண்டும். அதனால், டொலுவீன் என்னும் திரவத்துடன் அதனை இணைத்து, மெத்தில்சைக்ளோஹெக்சேன் என்னும் வேறொரு திரவமாக்கிக் கொண்டுசெல்வதும் உண்டு. 2020ஆம் ஆண்டில் புரூணையிலிருந்து ஜப்பானின் கவாசாக்கி நகருக்கு ஹைட்ரஜன் இவ்வாறே கப்பலில் சென்றது.

சேர்ந்த இடத்தில் ஹைட்ரஜனைப் பிரிக்க வெப்பமும் வினையூக்கியும் தேவை. பிளாட்டினம் சிறந்த வினையூக்கி. ஆனால் விலை மிகுந்தது. அதனைத் தாங்கும் அலுமினா மணி பெரிதாயின், திரவத்தின் ஆவி நடுப்பகுதியை எளிதில் சென்றடையாது. அங்குள்ள பிளாட்டினம் வீணாகும். சிறு மணிகளாக்கினால் புறப்பரப்பு பெருகும். 1 செ.மீ. பக்கமுடைய கனசதுரத்தின் பரப்பு 6 சதுர செ.மீ.; அதனையே எட்டுச் சம கனசதுரங்களாக வெட்டினால் மொத்தப் பரப்பு 12 சதுர செ.மீ. ஆகும். ஆனால், நுண்தூளாக்கினால் ஆவி செல்ல வழி குறுகிவிடும்.

ஆதலால், தேன்கூடு போன்ற உலோகச் சட்டத்தின்மீது வினையூக்கியை மெல்லிய பூச்சாகப் பூசியும் ஆய்வாளர் சோதிக்கின்றனர். கண்ணறைகள் வழியே ஆவி தடையின்றிச் செல்லும். உலோகம் வெப்பத்தை எங்கும் பரப்பும். பொருள் அதுவே, வடிவம் மாறப் பயனும் மாறுகிறது.

பயிற்சி
1. பிரித்து எழுதுக: அவ்வாயு.
2. வினையூக்கியை நுண்தூளாக்கிப் பயன்படுத்தாதது ஏன்?
3. 2 செ.மீ. பக்கமுடைய கனசதுரத்தை எட்டுச் சம கனசதுரங்களாக வெட்டினால் மொத்தப் பரப்பு எவ்வளவு?