திருப்பி அடிக்காத பொறுமை



திருஏடு வாசிப்பில் அய்யாவைப் பிடித்துச் செல்லும் பகுதி வரும்போது பதியில் கூடியிருக்கும் தாய்மார்கள் கண் கலங்குவதைப் பார்த்திருப்பீர்கள். இளைஞர்களோ வாசிப்பு முடிந்து வெளியே வந்ததும் ஒரு கேள்வி கேட்கிறார்கள். "அய்யாவைச் சுற்றி அத்தனை ஜனம் இருந்ததே, ஏன் ஒருவர் கூட கம்பு எடுக்கவில்லை? பொறுத்திருங்கள் என்று அய்யா ஏன் தடுத்தார்?"

நல்ல கேள்விதான். அய்யா சொன்னார், மக்கள் கேட்டார்கள் என்பதோடு நிறுத்திவிடக் கூடாது. அன்று அங்கே நின்றவர்களில் பலர் பனையேறிகள். தினமும் பாளை அரிவாளோடு மரம் ஏறி இறங்குகிறவர்களைப் பயந்த கூட்டம் என்று யாரும் சொல்ல முடியாது. கையில் ஆயுதம் இருந்தும் எடுக்காமல் நின்றார்கள். அதனால்தான் அது பொறுமை. இயலாதவன் சும்மா இருப்பதற்கு வேறு பெயர்.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அய்யா கற்பித்த பொறுமை, அநியாயத்துக்குத் தலையாட்டுகிற பொறுமை அல்ல. அன்றைய திருவிதாங்கூரில் நம் முன்னோர் தலைக்கு வரி கட்டினார்கள், கூலியில்லாமல் ஊழியம் செய்தார்கள், செருப்பும் குடையும் அவர்களுக்கு விலக்கு. துண்டைத் தோளில் போடவே விடாத நாட்டில், தலைப்பாகை கட்டி நில் என்றார் அய்யா. கிணற்றுக்குக் கிணறு சாதி பார்த்த நாட்டில், முத்திரிக் கிணற்றில் எல்லோரையும் ஒரே தண்ணீரில் குளிக்க வைத்தார், ஒன்றாய் உட்கார்ந்து உண்ண வைத்தார். இதில் யாருக்கும் ஒரு அடி கூட விழவில்லை. ஆனால் அநியாயமான கட்டளை ஒவ்வொன்றும் மீறப்பட்டது. அரண்மனைக்கு ஆத்திரம் வந்ததும் இதனால்தான்.

சுவாதித் திருநாள் மன்னர் காலத்தில் அய்யாவைப் பிடித்துக்கொண்டுபோய்த் திருவனந்தபுரம் சிங்காரத்தோப்பில் அடைத்தார்கள். அங்கே நடந்த கொடுமைகளை நீங்கள் ஏட்டில் கேட்டிருக்கிறீர்கள். நான் இங்கே கவனிக்கச் சொல்வது ஒரு சின்ன இடம். அரசவையில் பூவண்டர் எழுந்து அய்யாவுக்காக மன்னனிடம் நியாயம் எடுத்துச் சொல்கிறார் அல்லவா? வாசிக்கும்போது வேகமாகக் கடந்துவிடுகிற இடம் இது. அய்யாவின் மக்கள் அதற்கு முன்பே ஒரு சேவகனை வெட்டிப் போட்டிருந்தால் பூவண்டர் எதைச் சொல்லி வாதாடியிருப்பார்? அவர் வாய் அன்றே அடைபட்டிருக்கும். எதிர்ப்பக்கத்திலும் மனசாட்சி உள்ளவன் ஒருவன் இருக்கிறான். நம் கை ஓங்கினால் அவன் தன் கூட்டத்தோடு போய்விடுவான். நம் கை தாழ்ந்தும் கால் நகராமலும் இருந்தால் அவனுக்குப் பேச இடம் கிடைக்கும்.

அய்யா சிறையிலிருந்து வந்தது 1839-இல். அதிலிருந்து 85 வருடம் கழித்து, அதே திருவிதாங்கூர் ராஜ்யத்தில் வைக்கம் என்ற ஊரில் இது இன்னொரு முறை விளங்கியது. வைக்கம் மகாதேவர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் தாழ்த்தப்பட்ட மக்கள் நடக்கக் கூடாது என்று பலகை வைத்திருந்தார்கள். கோயிலுக்குள் போவது அப்போது கேள்வியே இல்லை, தெருவில் நடப்பதுதான் கேள்வி. 1924 மார்ச் 30-ஆம் தேதி புலையர் ஒருவர், ஈழவர் ஒருவர், நாயர் ஒருவர் என்று மூன்று பேர் அந்தப் பலகையைத் தாண்ட நடந்தார்கள், கைதானார்கள். மறுநாளும் அப்படியே ஆட்கள் வந்தார்கள். ஈரோட்டிலிருந்து வந்த பெரியார் இரண்டு முறை சிறை சென்றார். கைது செய்து சலித்துப்போன போலீஸ் வழியை அடைத்தபோது, தொண்டர்கள் அடைப்புக்கு முன்னால் உட்கார்ந்து நூல் நூற்றார்கள். மழைக்காலத்தில் வெள்ளம் ஏறியது. போலீஸ்காரர்கள் படகில் இருந்து காவல் காத்தார்கள், தொண்டர்கள் தண்ணீருக்குள்ளேயே நின்றார்கள். அடியும் வாங்கினார்கள். ஒருவருக்குக் கண்ணில் சுண்ணாம்பு தேய்த்துப் பார்வையே போயிற்று. அப்படியிருந்தும் திருப்பி அடிக்கவில்லை.

அப்புறம் நடந்ததுதான் விசேஷம். அந்த ஆண்டு நவம்பரில், தெருவில் நடக்கத் தடையே இல்லாத மேல்சாதியார், வழியைத் திறந்துவிடுங்கள் என்று கேட்டு வைக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு நடந்தே போனார்கள். மன்னத்து பத்மநாபன் அதற்குத் தலைவர். நம் பக்கத்திலிருந்தும் டாக்டர் எம்பெருமாள் நாயுடு தலைமையில் ஒரு கூட்டம் நடந்து போய்ச் சேர்ந்தது. இருபத்தையாயிரம் பேருக்கு மேல் கையெழுத்திட்ட மனு மகாராணியிடம் போயிற்று. ஆயிரமாயிரம் பூவண்டர்கள் என்றே எனக்குத் தோன்றும்.

உடனே ஜெயித்தார்களா? இல்லை. 1925 பிப்ரவரியில் சட்டசபையில் தீர்மானம் 21-க்கு 22 என்று ஒரே ஓட்டில் தோற்றது. இத்தனை நாள் தண்ணீரில் நின்றவனுக்கு அன்று இரத்தம் எப்படிக் கொதித்திருக்கும்! அன்று ஒரு கல் விழுந்திருந்தால் மனுவில் கையெழுத்துப் போட்டவர்களே பின்வாங்கியிருப்பார்கள். கல் விழவில்லை. அந்த ஆண்டு நவம்பருக்குள் மூன்று பக்கத் தெருக்கள் திறந்தன, கிழக்குத் தெரு மட்டும் அடைபட்டே கிடந்தது. 1936 நவம்பர் 12-இல் அரசுக் கோயில்களே எல்லா இந்துக்களுக்கும் திறக்கப்பட்டன.

நம் காலத்துக்கு வருவோம். ஆடு கோழி பலியை அய்யா விலக்கினார், நாமும் விட்டுவிட்டோம். ஆனால் கோழிக்குக் கத்தி எடுக்காதவர் வரப்புத் தகராறுக்கு அரிவாள் எடுக்கிறார். வாகனப் பவனி போகும் தெருவில் ஒருவன் ஏதோ சொல்லிவிட்டால், நெற்றியில் நாமம் இட்ட பிள்ளைகளே முதலில் சட்டையைப் பிடிக்கிறார்கள். அது முடிவதற்குள் செல்போனில் படம் போய்விடுகிறது, மறுநாள் பக்கத்து ஊர்ப் பையன்கள் திரள்கிறார்கள். வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும், வேலைக்குப் போக வேண்டிய பிள்ளை கோர்ட்டு வாசலில் நிற்பான்.

திருநாள் பணிவிடைக்கு ஆள் போடும் பெரியவர்கள் சிலவற்றை முன்கூட்டியே பேசி வைப்பது நல்லது. கோபக்காரப் பிள்ளையைப் பவனிக்கு முன்னால் விடாமல் சமையல் கொட்டகைக்கு அனுப்புங்கள், அங்கே அவன் பலம் அண்டாவுக்கு உதவும். வழி மறித்தால் நாலு பேர் ஒரே நேரத்தில் பேச வேண்டாம், பேசுகிறவர் யார் என்பது முன்பே தெரிந்திருக்கட்டும். ஒதுங்கி வீட்டுக்கு வந்துவிடவும் வேண்டாம். அங்கேயே உட்கார்ந்து உகப்படிப்பு படியுங்கள். தாசில்தாருக்கு எழுதுங்கள், மறுபடியும் எழுதுங்கள். அந்தத் தெருவில் நமக்கு நல்லது நினைக்கிற ஒரு வீடாவது இருக்கும், அந்த வீட்டாரைப் போய்ப் பாருங்கள்.

கண்ணெதிரே ஒருவரைப் போட்டு அடிக்கும்போதும் பொறுமையா என்று கேட்பீர்கள். அங்கே வேடிக்கை பார்ப்பது பொறுமை ஆகாது. குறுக்கே போய் நில்லுங்கள், சத்தம் போட்டு ஊரைக் கூட்டுங்கள், காவலருக்குச் சொல்லுங்கள். அடி உங்கள் மேலும் படலாம். அதைத் தாங்க நாலு பேர் சேர்ந்தே போங்கள்.