பள்ளிச் சேர்க்கைக்குக் கைகொடுக்கும் கைப்பேசி: தலைமையாசிரியர்களுக்குச் சில குறிப்புகள்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2024, 2025 இரண்டு ஆண்டுகளிலும் மார்ச் 1 அன்றே சேர்க்கை தொடங்கிவிட்டது. ஆனாலும் பேனர் பிடித்துப் பேரணி போவதும், பிட் நோட்டீஸ் கொடுப்பதும் பல ஊர்களில் ஏப்ரலில்தான் நடக்கின்றன. அதற்குள் பெற்றோர் வேறு பள்ளியில் முன்பணம் கட்டியிருப்பார்கள். நல்ல ஆசிரியர்கள் இருந்தும், அது ஊருக்குத் தெரியாமலேயே பிள்ளைகள் குறைந்துபோன பள்ளிகளை நினைத்தால் மனது கேட்பதில்லை. அதிகச் செலவில்லாமல் செய்யக்கூடியவை இவை.

1. ஜூன் மாதமே தொடங்குங்கள். சேர்க்கை நேரத்தில் மட்டும் பதிவு போட்டால் விளம்பரமாகத்தான் தெரியும். வாரம் இரண்டு பதிவு, ஆண்டு முழுவதும் என்றால் பள்ளியைப் பற்றி ஊருக்கு ஒரு நம்பிக்கை வந்துவிடும்.

2. கூகுள் மேப்பில் உங்கள் பள்ளியைத் தேடிப் பாருங்கள். பெயர் தவறாக இருக்கலாம், யாரோ எப்போதோ எடுத்த பழைய படம் இருக்கலாம். நிர்வாக உரிமை கேட்டு விண்ணப்பித்து, பெயர், நேரம், தொலைபேசி எண், புதிய படங்களைச் சேருங்கள். கட்டணம் கிடையாது.

3. பள்ளிக்கென்று தனி சிம் வாங்குங்கள். உங்கள் சொந்த எண்ணில் குரூப் நடத்தினால், கலந்தாய்வில் நீங்கள் மாறிப் போகும்போது அத்தனை தொடர்பும் உங்களோடு போய்விடும். முகநூல் பக்கம், யூடியூப் சேனல் எல்லாவற்றையும் பள்ளியின் மின்னஞ்சலில் தொடங்கி, கடவுச்சொல்லை எழுதிப் பீரோவில் வையுங்கள்.

4. வாட்ஸ்அப்பில் எதை எதற்குப் பயன்படுத்துவது என்று பிரித்துக்கொள்ளுங்கள். வகுப்புப் பெற்றோருக்கு குரூப். அதில் அட்மின் மட்டும் செய்தி போடும்படி வைத்தால் 'குட் மார்னிங்' படங்கள் வராது. ஊர் மக்களுக்கு வாட்ஸ்அப் சேனல். ஒருவர் எண் இன்னொருவருக்குத் தெரியாது என்பதால் பெண்கள் தயங்காமல் சேருவார்கள். பிராட்காஸ்ட்டில் அனுப்பினால், உங்கள் எண்ணைத் தங்கள் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும்.

5. எதைப் பதிவிடுவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தும் படத்தைப் பார்த்து யாரும் பிள்ளையைச் சேர்ப்பதில்லை. ஒரு தாயின் மனதில் இருக்கும் கேள்விகள் வேறு. என் பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிப்பானா? இங்கிலீஷ் வருமா? கழிவறை சுத்தமா? குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா? டீச்சர் அடிப்பாரா? இவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பதில் காட்டுங்கள். மூன்றாம் வகுப்பு மாணவி ஒரு கதையைத் தடுமாறித் தடுமாறிப் படித்து முடிக்கும் குரல் பதிவு அரை நிமிடம் போதும். காலை உணவில் இன்று பொங்கலா, கிச்சடியா என்று தட்டோடு ஒரு படம். கழுவி முடித்த கழிவறையின் படத்தைப் போடக் கூச்சம் வேண்டாம். பெண் குழந்தையின் பெற்றோர் முதலில் கவனிப்பது அதைத்தான். இல்லாததை மட்டும் காட்டாதீர்கள். இரவல் வாங்கிய கணினியை மேசைமேல் வைத்து எடுத்த படத்தைப் பற்றிப் பிள்ளைகளே வீட்டில் சொல்லிவிடுவார்கள்.

6. ஐந்தாம் வகுப்புப் பெற்றோருக்குத் தனியாக எழுதுங்கள். ஆறாம் வகுப்புக்கு எங்கே போவது என்ற முடிவில் பிள்ளையின் பிற்காலம் இருக்கிறது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. அடுத்த ஆண்டு பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. கல்லூரி போகும்போது பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும் பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. அரசாணை மொழியை அப்படியே ஒட்டாமல், வீட்டில் பேசுகிற தமிழில் நாலு வரியில் சொல்லுங்கள்.

7. குழந்தையின் முகம் பள்ளியின் சொத்து அல்ல. சேர்க்கையன்றே தனித்தாளில், தமிழில், பெற்றோரின் சம்மதத்தை எழுதி வாங்குங்கள். 18 வயதுக்குக் குறைந்தவர்களின் தகவல்களைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்று 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சொல்கிறது. மறுத்தால் அந்தப் பிள்ளையை ஒதுக்கி நிற்க வைக்காமல், கைகள், நோட்டு, கரும்பலகை தெரியும்படி எடுங்கள். முழுப்பெயர், தெரு, மதிப்பெண் பட்டியல் வேண்டாம். இலவசச் செருப்பு வாங்கும் குழந்தையைக் கேமராவைப் பார்க்கச் சொல்லவே கூடாது; பத்து ஆண்டு கழித்தும் அந்தப் படம் இருக்கும்.

8. வகுப்பு நேரத்தில் சினிமாப் பாட்டுக்கு ரீல்ஸ் வேண்டாம். லைக் வரும், சேர்க்கை வராது.

9. "தண்ணீ வரல சார்" என்று ஒருவர் கமென்ட் போட்டால் அழிக்காதீர்கள். அன்றைக்கே அவரை அழைத்துப் பேசுங்கள். குழாய் சரியானதும் அதே இடத்தில் படம் போடுங்கள். ஊர் நம்புவதற்கு இதைவிட நல்ல பதிவு கிடையாது.

10. எல்லாவற்றையும் ஒரு ஆசிரியர் தலையில் கட்டாதீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுவிலும் ஊரிலும் இருக்கும் முன்னாள் மாணவர்களைக் கேளுங்கள். சிங்கப்பூரிலும் துபாயிலும் இருப்பவர்கள் பதிவைப் பார்த்து உதவ முன்வந்தால், தனி ஆளின் ஜிபே எண்ணைக் கொடுக்காமல் அரசின் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' வழியாக அனுப்பச் சொல்லுங்கள்.

11. சேர்க்கைப் பதிவில் என்ன சான்று வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும், எத்தனை மணிக்கு வரலாம் என்பது தெளிவாக இருக்கட்டும். வயதுச் சான்று இல்லை என்பதற்காகத் தொடக்கக் கல்வியில் சேர்க்கை மறுக்கக் கூடாது என்பது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். இதையும் சேர்த்து எழுதுங்கள். சான்று இல்லாத வீடுகள்தான் வாசல்வரை வந்து திரும்பிப் போகின்றன. திருப்பூர் போல வெளிமாநிலத் தொழிலாளர்கள் குடியிருக்கும் ஊர் என்றால், இந்தி தெரிந்த ஒரு பெற்றோரைக் கொண்டு இதே செய்தியை ஒரு நிமிடக் குரல் பதிவாக்கி, அவர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளின் வாட்ஸ்அப் குரூப்களுக்கு அனுப்புங்கள்.