உட்லண்ட்ஸ் ரயிலும் அன்னதானச் சாம்பாரும்

ஒரு வேலையைச் சீக்கிரம் முடிக்க எவ்வளவு கூடுதலாகச் செலவு செய்யலாம்? இன்ஜினியரிங் படிக்காதவங்களுக்கும் உதவும் பாடம் இது.

நம்ம அன்னதானத்தையே எடுத்துக்கொள்வோம். காய்கறி வெட்ட 2 மணி நேரம், அதன்பிறகு சாம்பார் வைக்க 1 மணி நேரம். பக்கத்து அடுப்பில் சோறு ஆக்க இரண்டரை மணி நேரம். மேசை நாற்காலி போட 1 மணி நேரம். எல்லாம் ஒன்றாகத் தொடங்கினாலும் பந்தி 3 மணி நேரம் கழித்துத்தான். அதைத் தீர்மானிப்பது காய்–சாம்பார் வரிசை. இந்த மிக நீளமான வரிசைக்குத்தான் ‘கிரிட்டிக்கல் பாத்’ என்று பெயர். நாற்காலி போட இன்னும் பத்துப் பேர் வந்தாலும் ஒரு நிமிடம்கூட மிச்சமாகாது. (நம்ம தொண்டூழியர்கள் பெரும்பாலும் நாற்காலிப் பக்கம்தான் நிற்பாங்க, அது வேற கதை.)

பாதிக் காயை வெட்டியதாகவே வாங்கினால் 40 வெள்ளி கூடுதல், வெட்டும் நேரம் 1 மணி குறையும் என்று வைங்க. ஆனாலும் பந்தி அரை மணிதான் முன்னால் வரும். ஏன்னா, இப்போ சோறு வெந்திருக்காது! கால்வாசிக் காய்க்கு 20 வெள்ளி கொடுத்தாலே அந்த அரை மணி கிடைத்துவிடும். மண்டப வாடகை அரை மணிக்கு 30 வெள்ளி என்றால், 20 கொடுத்தவருக்கு 10 லாபம். 40 கொடுத்தவருக்கு 10 நட்டம். 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்துக்காக மோர்கன் வாக்கரும் ஜேம்ஸ் கெல்லியும் உருவாக்கிய முறையின் சாரம் இதுதான்.

இங்கே காய்க்கும் மண்டபத்துக்கும் ஒரே உண்டியலிலிருந்து பணம் போகிறது. அப்படி இல்லாவிட்டால்?

உட்லண்ட்ஸ் நார்த்திலிருந்து ஜோகூரின் புக்கிட் சாகார் வரை சுமார் 4 கிலோமீட்டர் ஓடும் ஆர்டிஎஸ் ரயிலைப் பாருங்க. 2018 ஜனவரியில் கையெழுத்தான ஒப்பந்தப்படி 2024 இறுதிக்குள் சேவை தொடங்கியிருக்கணும். செலவைக் குறைக்க விரும்பிய மலேசியா கேட்டுக்கொண்டதால் 2019இல் திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. 2020 ஜூலை 30ஆம் தேதி மீண்டும் தொடங்கியபோது இலக்கு 2026 இறுதிக்குத் தள்ளிப்போனது. எம்ஆர்டி ரயிலுக்குப் பதில் எல்ஆர்டி, மண்டாய் பணிமனைக்குப் பதில் ஜோகூரில் தனிப் பணிமனை என்று வடிவமைப்பு மாறியது. மலேசியாவின் செலவு 493 கோடி ரிங்கிட்டிலிருந்து 371.5 கோடிக்கு இறங்கியது.

நிறுத்திவைத்ததால் வீணான செலவுக்காகச் சிங்கப்பூருக்கு 600,000 வெள்ளிக்கு மேல் இழப்பீடு கிடைத்தது. கடற்பால வரிசையில் நிற்பவரின் நேரத்துக்கு எந்தக் கணக்கிலும் பத்தி இல்லை.

நாமே போட்டுப் பார்ப்போமே. மிச்சமான 121.5 கோடியை இரண்டு வருடத்துக்குப் பிரித்தால் நாளுக்குச் சுமார் 16.6 லட்சம் ரிங்கிட். அந்த ரயிலில் நாளுக்கு 80,000 பயணங்கள் என்று ஒரு பேச்சுக்கு வைத்தால், பயணத்துக்கு ஏறக்குறைய 21 ரிங்கிட். மிச்சம் முழுவதும் தாமதத்தால் வந்ததல்ல, கொவிட்டும் குறுக்கே வந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் விடியற்காலை 4 மணிக்கு ஜோகூரில் பஸ் ஏறி, உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் ஒரு மணி நேரம் நின்று, சிங்கப்பூர்ச் சம்பளத்துக்கு வேலைக்கு ஓடும் ஓர் அண்ணனிடம் கேட்டுப் பாருங்க: அந்த ஒரு மணி நேரத்தை 21 ரிங்கிட்டுக்கு விற்பாரா?