அந்தப் பிள்ளையின் ராத்தாவுக்கும் ஹக் உண்டு



நுஃமான் பின் பஷீர் (ரலி) அவர்களுக்குத் தந்தை ஓர் அன்பளிப்பு கொடுத்தார். அதற்கு நபி (ஸல்) அவர்களைச் சாட்சியாக்க வேண்டும் என்று தாயார் விரும்பினார். மற்ற பிள்ளைகளுக்கும் இதேபோல் கொடுத்தீர்களா என்று நபியவர்கள் கேட்டார்கள். இல்லை என்றதும், பிள்ளைகளிடையே நீதமாக நடக்கச் சொன்னார்கள். தந்தை அன்பளிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவான செய்தி இது.

நாமோ இதைச் சொத்துப் பேச்சு வரும்போது மட்டும் நினைக்கிறோம்!

ஆட்டிசம் உள்ள பிள்ளை இருக்கும் வீட்டைப் பாருங்கள். மிக்சி ஓடினால் தம்பி காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறான். ராத்தாவின் ஹோம்வொர்க் நோட்டைக் கிழிக்கிறான். "நீ பெரியவள், பொறுத்துக்கொள்" என்கிறோம். அவளுக்கும் வயது ஒன்பதுதான். நிக்காஹ் வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருக்க, அவனை வாசலில் நடத்திக்கொண்டிருப்பவள் அவள். தோழிகளை வீட்டுக்கு அழைப்பதில்லை. அவளுக்குக் கோபம் வருகிறது, அது பாவமோ என்ற பயமும் வருகிறது.

மனதில் தோன்றுவதற்காக அல்லாஹ் பிடிப்பதில்லை என்பதை அவளுக்குச் சொல்லுங்கள். அவள் உங்களிடம் அழுது சொன்னால் அது தம்பியைக் குறை பேசுவதாகாது.

இருவருக்கும் நேரத்தைச் சரிபாதியாகப் பிரிக்க முடியாது. அதிகம் தேவைப்படும் பிள்ளைக்கு அதிகம்தான் போகும். ஆனால் வாரத்தில் ஒரு மாலையாவது அவளோடு மட்டும் உட்காருங்கள். தம்பியின் மூளை பிறப்பிலேயே வேறு விதமாக இயங்குகிறது, இது ஜின்னின் வேலை அல்ல, யாருடைய பாவத்தின் தண்டனையும் அல்ல என்று விளக்குங்கள். நாம் சொல்லாவிட்டால், தான் அன்று தள்ளிவிட்டதால்தான் இப்படி ஆனான் என்றுகூட அவள் நினைத்துக்கொள்வாள்.

"எங்களுக்குப் பிறகு இவனுக்கு நீதான்" என்று அவளிடம் இப்போதே சொல்லாதீர்கள். இரத்த உறவைப் பேணுவது கடமைதான். ஆனால் திட்டமிட வேண்டியவர்கள் பெற்றோர். நம் நாட்டில் 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்டிசம் உள்ளவருக்கு 18 வயதான பின் சட்டப்பூர்வப் பாதுகாவலரை நியமிக்க விண்ணப்பிக்கலாம். மகள் வளர்ந்த பிறகு, அவள் விருப்பத்தைக் கேட்டுப் பேசுங்கள்.

ஜமாஅத்தார்களே! பிள்ளையின் அழுகுரல் கேட்டுத் தொழுகையைச் சுருக்கியவர்கள் நம் நபியவர்கள். இங்கோ கடைசி ஸஃப்பில் ஒரு பிள்ளை சத்தமிட்டால் நாம் திரும்பி முறைக்கிறோம். அவன் கையைப் பிடித்து நிற்கும் அண்ணன்மீதும் அந்தப் பார்வை விழுகிறது. அடுத்த ஜும்ஆவில் அவனைப் பெயர் சொல்லி அழைத்து ஸலாம் சொல்லுங்கள், இருவருக்கும் பக்கத்தில் இடம் கொடுங்கள்.