தூரம், வேகம், நேரம்: வசனக் கணக்குக்குச் சில குறிப்புகள்

சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை உள்ள வீடுகளுக்கு.

1. கணக்கை வாசித்ததும் சூத்திரம் தேட வேண்டாம். கொப்பியில் தூரம், வேகம், நேரம் என்று மூன்று நிரல் கீறுங்கள். பயணம் செய்யும் ஒவ்வொருவருக்கும் ஒரு நிரை. தெரியாத நேரத்துக்கு ‘ந’ போடுங்கள். சமன்பாடு பெரும்பாலும் அட்டவணையிலேயே கிடக்கும்.

2. 1 மணி 20 நிமிடத்தை 1.20 என்று எழுத விடாதீர்கள். அது 4/3 மணித்தியாலம். புள்ளி போவது அதிகம் இங்கேதான்.

3. எதிரெதிரே வந்தால் வேகங்களைக் கூட்டுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை சுமார் 33 கிலோமீற்றர். இங்கிருந்து பஸ் 40 கிலோமீற்றர் வேகத்திலும், அங்கிருந்து சைக்கிள் 15 கிலோமீற்றர் வேகத்திலும் ஒரே நேரத்தில் வெளிக்கிட்டால்: 40ந + 15ந = 33. ந = 0.6, அதாவது 36 நிமிடம். பஸ் 24, சைக்கிள் 9, கூட்டினால் 33. சரி.

4. ஒருவரை ஒருவர் துரத்தினால் கழியுங்கள். சைக்கிள் 15இல் போய் அரை மணித்தியாலத்துக்குப் பிறகு அதே வழியில் மோட்டார் சைக்கிள் 40இல் வெளிக்கிட்டால், இடைவெளி 7.5 கிலோமீற்றர், வேக வித்தியாசம் 25. 18 நிமிடத்தில் எட்டிப் பிடிக்கும்.

5. சராசரி வேகம்தான் பொல்லாதது. சோளகக் காலத்தில் வல்லைவெளியைச் சைக்கிளில் கடந்தவர்களுக்குத் தெரியும்: வடமராட்சிப் பக்கம் போகும்போது காற்றுத் தள்ளிவிடும், திரும்பும்போது மிதிக்க மிதிக்க நகராது. போகும்போது 20, வரும்போது 12 என்றால் சராசரி 16 என்று பிள்ளை சட்டென்று சொல்லும். பிழை. தூரத்தை 60 என்று வையுங்கள். போக 3, வர 5, மொத்தம் 8 மணித்தியாலம். 120ஐ 8ஆல் வகுத்தால் 15. மெதுவாக வந்த நேரம்தான் கூட, அதனால்தான் சராசரி அந்தப் பக்கம் சரிகிறது.

6. ரயில் கம்பத்தைக் கடக்க அதன் நீளம் மட்டும். மேடையைக் கடக்க மேடை நீளத்தையும் சேருங்கள். மணிக்கு 72 கிலோமீற்றர் என்றால் செக்கனுக்கு 20 மீற்றர் (5ஆல் பெருக்கி 18ஆல் வகுக்க). 180 மீற்றர் ரயில் 220 மீற்றர் மேடையைக் கடக்க 20 செக்கன்.

7. 1956இல் ஓடத் தொடங்கி, 1990இல் நின்று, 2014இல் மறுபடி யாழ்ப்பாணம் வந்த யாழ்தேவி ரயிலின் நேர அட்டவணை நல்ல பயிற்சிப் புத்தகம். கொழும்புக்குச் சுமார் 400 கிலோமீற்றர். 8 மணித்தியாலம் எடுத்தால் சராசரி 50. நிலையங்களில் நிற்கும் நேரமும் இதில் சேரும்.

8. விடையைக் கணக்கில் திருப்பிப் போட்டுப் பாருங்கள். சைக்கிளுக்கு மணிக்கு 90 கிலோமீற்றர் வந்தால், அலகை முதலில் சரிபாருங்கள்.