வீடு சுருங்கலாம், எழுத்து சுருங்கலாமா?

உங்கள் அட்லஸை ஒரு முறை விரித்துப் பாருங்கள். இந்தியப் படத்தில் தமிழ்நாடு கட்டைவிரல் அளவே இருக்கிறது. தமிழ்நாட்டுப் படத்திலோ அது பக்கம் முழுவதையும் நிறைக்கிறது. ஆனால் "சென்னை" என்னும் எழுத்து இரண்டிலும் படிக்கும் அளவில்தான் இருக்கிறது. காரணம் என்ன? நாடு அளவுத்திட்டத்துக்குக் கட்டுப்பட்டது. எழுத்து நம் கண்ணுக்குக் கட்டுப்பட்டது. கணிப்பொறியில் வீட்டுப் படம் வரைபவர்கள் மறக்கக் கூடாத பாடம் இது.

கையால் வரைந்தபோது இதில் தொல்லை இல்லை. சுவரைச் சுருக்கி வரைந்தார்கள். எழுத்தைப் படிக்கத்தக்க உயரத்தில் நேரே தாளில் எழுதினார்கள். 1982-இல் அறிமுகமான ஆட்டோகேட் போன்ற மென்பொருள்களில் முறை வேறு. 6 மீட்டர் சுவரை 6,000 மி.மீ. என்று முழு அளவிலேயே வரைகிறோம். தாளுக்கு வரும்போதுதான் படம் சுருங்குகிறது. அப்போது சுவரோடு எழுத்தும் சேர்ந்து சுருங்கிவிடுகிறது!

ஒரு கணக்குப் பார்ப்போம். தாளில் எழுத்தின் உயரம் 2.5 மி.மீ. இருக்க வேண்டும் என்று கொள்வோம். படத்தில் அதை எவ்வளவு உயரமாக எழுத வேண்டும்?

1:100 அளவுக்கு: 2.5 × 100 = 250 மி.மீ.
1:50 அளவுக்கு: 2.5 × 50 = 125 மி.மீ.
1:20 அளவுக்கு: 2.5 × 20 = 50 மி.மீ.

1:100-க்காக எழுதியதை 1:20-இல் அச்சிட்டால் எழுத்து 12.5 மி.மீ. உயரத்துக்குப் பூதமாய் நிற்கும். 1:20-க்காக எழுதியதை 1:100-இல் அச்சிட்டால் அரை மில்லிமீட்டராகிக் கண்ணுக்கே எட்டாது.

எனவே ஒரே குறிப்பை மூன்று அளவில் மூன்று முறை எழுதிவந்தார்கள். ஆபத்து இங்கேதான். ஜன்னல் அகலம் 1,200-இலிருந்து 1,500 மி.மீ. ஆக மாறுகிறது என்று வையுங்கள். ஓரிடத்தில் திருத்திவிட்டு, மற்றோரிடத்தில் மறந்தால்? கொத்தனார் கையில் எந்தத் தாள் இருக்கிறதோ, அதன்படியே சுவர் எழும்பும். எழுத்தை அழிப்பது எளிது. கட்டிய சுவரை இடிப்பது எளிதா?

2007-இல் வெளிவந்த ஆட்டோகேட் 2008 பதிப்பு இதற்கு வழி செய்தது. "அன்னோட்டேட்டிவ்" என்னும் பண்பை ஓர் எழுத்துக்குக் கொடுத்து, தாளில் வேண்டிய உயரத்தையும், எந்தெந்த அளவுத்திட்டங்களில் அது தோன்ற வேண்டும் என்ற பட்டியலையும் குறித்துவிட்டால் போதும். தாளில் படத்தைக் காட்டும் சாளரமான வியூபோர்ட் எந்த அளவில் இருக்கிறதோ, அதற்கேற்பப் பெருக்கலை மென்பொருளே செய்துகொள்ளும். குறிப்பு ஒன்றே, ஒரு முறை திருத்தினால் எல்லாத் தாள்களிலும் திருந்தும்.

இரண்டு எச்சரிக்கைகள். பட்டியலில் சேர்க்காத அளவுடைய சாளரத்தில் குறிப்பு தோன்றாது. அது அழிந்துவிடவில்லை; அந்த அளவைச் சேர்த்தால் வந்துவிடும். ஆகவே அச்சிடுமுன் ஒவ்வொரு தாளையும் பார்த்துவிடுங்கள். அடுத்து, கதவு, கட்டில் முதலியவற்றுக்கு இப்பண்பைக் கொடுக்கலாகாது. அவை வீட்டோடு சுருங்க வேண்டியவை.

"இது வீட்டைச் சேர்ந்ததா, தாளைச் சேர்ந்ததா?" என்று ஒவ்வொரு பொருளையும் கேட்டுப் பழகுங்கள், தோழியரே. விடை தெரிந்தால் பாடம் முழுவதும் தெரிந்ததாகும்.