யார் சுமையை யார் சுமப்பது? – தாதியருக்கு ஒரு படிப்பினை

நீங்கள் ஒரு வைத்தியசாலையிலே தாதியாகக் கடமை புரிபவராயின், அல்லது உங்கள் வீட்டில் ஒரு மகளோ சகோதரியோ அப்பணியில் இருப்பாராயின், இன்று நாம் எடுத்துக்கொள்ளும் விடயம் உங்களுக்குப் புதிதாயிராது.

மாலை 7 மணி. பகற் கடமைத் தாதியர் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டார்கள். இராக் கடமைக்கு வந்திருப்பவர்கள் இருவர். விடுதியிலே நோயாளர் 40 பேர். ஒரு பக்கத்தில் காய்ச்சல் மாறி நாளை வீடு திரும்பக் காத்திருப்பவர்கள். மறுபக்கத்தில் பாரிசவாதத்தால் அசைவற்றுக் கிடக்கும் முதியவர், அன்றுதான் சத்திரசிகிச்சை முடிந்து வந்த இளைஞன், மூச்சுத் திணறும் இருதய நோயாளி. உங்களோடு வந்த மூத்த தாதி கைப்பையை வைக்கு முன்னரே, "தங்கச்சி, எனக்கு இண்டைக்கு முதுகு ஏலாது. நான் இந்தப் பக்கத்தைப் பாக்கிறன், நீர் அந்தப் பக்கத்தைப் பாருமன்" என்கிறார். போன கிழமையும் அவருக்கு முதுகு ஏலாது. அதற்கு முந்திய கிழமை தலையிடி.

இந்நேரத்தில் நம்மிற் பலர் செய்வது இரண்டில் ஒன்று. பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் தாமே செய்வார்கள். அல்லது சரியென்று தலையாட்டிவிட்டு, மறுநாள் தேநீர் குடிக்கும் இடத்திலே அவரைப் பற்றி ஊரெல்லாம் அறியக் கதைப்பார்கள். முன்னையதைப் பிறர்சிநேகம் என்றும் பொறுமை என்றும் நாம் பெயரிட்டு அழைப்பதுண்டு. அது உண்மையிலேயே பிறர்சிநேகமா என்பதை அந்தப் பாரிசவாத நோயாளியின் கட்டிலருகே நின்று கேட்டுப் பார்க்கவேண்டும்.

தானாக அசையமுடியாத நோயாளியை ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைக்கவேண்டும் என்பது தாதியர் பயிற்சியிலே நாம் கற்ற ஆரம்ப பாடங்களுள் ஒன்று. தவறினால் இடுப்பின் கீழ்ப்புறத்திலும் குதிக்காலிலும் தோல் சிவக்கும், பின்னர் வெடிக்கும், படுக்கைப்புண்ணாகும். வந்த புண்ணை ஆற்றுவதற்கு வாரங்களும் மாதங்களும் செல்லும். ஆனால் வளர்ந்த ஒருவரைத் தனியொரு தாதி புரட்டுவது எளிதன்று. அதனால் நள்ளிரவில் ஒரு முறை தவறிப்போகும், இரண்டு மணிக்கு இன்னொரு முறை. நீங்கள் பொறுமையாயிருந்தீர்கள், அதற்கான விலையைக் கொடுத்தவர் அந்த முதியவர்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஆட்களைத் தூக்குவதாலும் புரட்டுவதாலும் வரும் முதுகுவலி உலகெங்கும் தாதியரின் தொழிலோடு ஒட்டிய வருத்தம். ஆகையால் அந்த மூத்த தாதி சொன்னது பொய்யென்று முடிவுகட்ட உங்களுக்கு ஆதாரம் இல்லை. இருபது வருடம் தனியாகப் புரட்டிய முதுகாகவும் அது இருக்கலாம்.

புனித சின்னப்பர் கலாத்தியருக்கு எழுதிய திருமடலின் ஆறாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். இரண்டாம் வசனத்தில், ஒருவர் மற்றவருடைய சுமையைத் தாங்குமாறு பணிக்கிறார். மூன்று வசனங்கள் தள்ளி ஐந்தாம் வசனத்தில், ஒவ்வொருவனும் தன்தன் சுமையைத் தானே சுமக்கவேண்டும் என்கிறார். அப்போஸ்தலர் தாம் சொன்னதைத் தாமே மறுக்கிறாரா? மூலமொழியாகிய கிரேக்கத்தில் இரண்டு வேறு சொற்கள் உண்டு. முதலாவது 'பாரோஸ்': ஆளை அழுத்தி வீழ்த்தும் பாரம். திராட்சைத் தோட்ட உவமையிலே, காலையில் வந்தவர்கள் பகல் முழுதும் சுமந்ததாகச் சொல்லும் பாரமும் இச்சொல்லே. இரண்டாவது 'போர்த்தியோன்': கப்பலில் ஏற்றிய சரக்குக்கும், ஒரு மனிதனுக்கென்று கொடுக்கப்பட்ட சுமைக்கும் வழங்கிய சொல். ஆண்டவர் தமது சுமை இலகுவானது என்றபோது மத்தேயு எழுதிய சொல்லும் இதுவே.

எனவே உங்களோடு பணிபுரிபவர் இலகுவான வேலை கேட்கும்போது, அவர் கேட்பது எந்தச் சுமையைப் பற்றி என்பதையே முதலில் அறியவேண்டும். கர்ப்பிணித் தாதி பாரம் தூக்கக்கூடாது. அது பாரோஸ், பகிர்ந்துகொள்ள வேண்டியது. தாயைப் புதைத்துவிட்டு மூன்றாம் நாள் கடமைக்கு வந்தவரும், வீட்டிலே வருத்தக்காரப் பிள்ளையை விட்டு வந்தவரும் அப்படியே. சிலர் சோம்பலால் விலகுவதில்லை, பயத்தால் விலகுகிறார்கள். புதிய கருவியைக் கையாளத் தெரியாது, தெரியாதென்று இளையவர்களிடம் சொல்ல வெட்கம். இவர்களுக்கு வேண்டியது அரை மணித்தியாலம் பக்கத்தில் நின்று பழக்கிவிடும் ஒருவர். இவையொன்றும் இல்லாமல், மூத்தவர் என்றால் பாரமான கட்டில் தமக்கு வராது என்று பழகிவிட்டவர்களும் இருக்கிறார்கள். அது போர்த்தியோன். அதை நீங்கள் சுமந்தால் அவருக்கு நன்மை செய்தவர் ஆகமாட்டீர்கள்.

எதுவென்று அறிவது எப்படி? கேட்பதால் மட்டுமே. லூக்காஸ் நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் மார்த்தா செய்ததைக் கவனியுங்கள். வேலை முழுவதையும் தன்மேல் விட்டுவிட்டு மரியாள் இருந்துவிட்டாள் என்பது அவளுடைய முறைப்பாடு. அதை அவள் மரியாளிடம் சொல்லவில்லை. மரியாள் இருக்கும்போதே, வந்த விருந்தினரான யேசுவிடம் சொன்னாள். நமது விடுதி முறைப்பாடுகளிற் பெரும்பாலானவை இப்படித்தான், சம்பந்தப்பட்டவரின் தலைக்கு மேலாகப் போகின்றன. மத்தேயு பதினெட்டாம் அதிகாரத்தில் ஆண்டவர் காட்டும் ஒழுங்கு வேறு: முதலில் நீயும் அவனும் தனியே; பின்பு இரண்டொருவரோடு; அதற்குப் பின்னரே சபைக்கு.

தனியே என்றால் நோயாளிக்கு முன்னால் அன்று, சிற்றூழியர் கேட்கவும் அன்று. குற்றஞ்சாட்டாமல் நடந்ததைச் சொல்லுங்கள். "அக்கா, ஒரு விசயம் கதைக்கவேணும். மூண்டு இரவா அந்தப் பக்கத்துக் கட்டிலெல்லாம் எனக்குத்தான் வந்தது. ஐயாவைத் தனியப் புரட்ட ஏலாமல் ரெண்டுதரம் விட்டிட்டன். உங்களுக்கு முதுகு வருத்தமெண்டால் டொக்டரிட்டைக் காட்டி ஒரு துண்டு வாங்குங்கோ, சிஸ்டரிட்டைச் சொல்லி ஒழுங்கு செய்விப்பம். இல்லாட்டி இண்டைக்கு இரண்டு பக்கத்தையும் பாதி பாதியாப் பிரிப்பம்." வருத்தம் உண்மையாயின் இப்பேச்சு அவருக்கு ஆறுதல். இல்லையாயின் அடுத்த முறை சாட்டுச் சொல்லுமுன் யோசிப்பார்.

இதற்கு மேலும் ஒன்று உண்டு. ஆதித் திருச்சபையிலே கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாடப் பங்கீட்டிலே கவனிக்கப்படவில்லை என்று முணுமுணுப்பு எழுந்தபோது, அப்போஸ்தலர் அவர்களைப் பொறுமையாயிருங்கள் என்று அனுப்பிவிடவில்லை. எழுவரைத் தெரிந்து அப்பொறுப்பை ஒப்படைத்தார்கள். விடுதிப் பொறுப்புத் தாதியரும் மேற்பார்வையாளரும் படிக்கவேண்டிய அதிகாரம் இது. கட்டில்களை எண்ணி ஆளுக்கு 20 என்று பிரிப்பது பங்கீடு ஆகாது. வீடு போக இருக்கும் பத்துப் பேரைப் பார்ப்பதும் அறிவற்றுக் கிடக்கும் இருவரைப் பார்ப்பதும் ஒன்றல்ல. பாரத்தைப் பார்த்துப் பிரித்து, பெயரோடு எழுதி வைத்து, முறைமாற்றிக் கொடுத்தால் தந்திரத்துக்கு இடமே குறைந்துவிடும். 2022இன் பொருளாதார நெருக்கடியைத் தொடர்ந்து நம் நாட்டிலிருந்து தாதியர் பலர் வெளிநாடு சென்றார்கள். ஆளில்லாத இடத்தில் எஞ்சியிருப்பவர்கள் ஒருவரையொருவர் சோம்பேறி என்று ஏசிக்கொண்டிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இருவர் நிற்கவேண்டிய இடத்தில் ஒருவரை நிறுத்தியவர்களிடமும் அந்தக் கேள்வி போகவேண்டும்.

தட்டிக்கழிப்பவர் என்றைக்கும் அப்படியேதானா? தாதியரின் பாதுகாவலராகிய புனித கமில்லுஸ், 1550இல் இத்தாலியிலே பிறந்தவர், போர்வீரர், சூதாட்டக்காரர். காலில் ஆறாத புண்ணோடு உரோமையிலுள்ள சான் ஜாக்கொமோ வைத்தியசாலைக்கு வந்து, சிகிச்சை பெற்றுக்கொண்டே அங்கு வேலையும் பார்த்தார். சீட்டாட்டமும் சச்சரவுமாய் இருந்தபடியால் அங்கிருந்து நீக்கப்பட்டார். 1575இல் மனந்திரும்பிய பின்னர் அதே வைத்தியசாலைக்குத் திரும்பி, நாளடைவில் அதன் நிருவாகப் பொறுப்பையும் ஏற்றார். கூலிக்கு வந்த பணியாளர் நோயாளரைக் கைவிடுவதைக் கண்டு மனம் நொந்து, அன்பின்பொருட்டுப் பணிசெய்வோரை ஒன்றுசேர்க்க 1582இல் எண்ணங்கொண்டார். அதிலிருந்து பிறந்ததே நோயாளரின் பணியாளர் சபை. திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் 1930இல் இவரைப் புனித இறை யோவானோடு சேர்த்துத் தாதியரின் பாதுகாவலராக அறிவித்தார். அன்று அவரை வேலையிலிருந்து நீக்கியவர்கள் செய்தது தவறன்று. அவர் திரும்பி வந்தபோது கதவைத் திறந்ததும் தவறன்று.

கேட்டும் சொல்லியும் உங்களுடைய அக்கா மாறாவிட்டால், பொறுப்புத் தாதியிடம் போவதற்குக் கூச்சப்படாதீர்கள். அவரிடம் சொல்லப் போகிறேன் என்பதை முதலில் அக்காவுக்கே சொல்லிவிட்டுப் போங்கள். அதுவரையில் காலை 7 மணிக்குப் பொறுப்பை ஒப்படைக்கும்போது குறிப்பேட்டில் உண்மையை எழுதுங்கள். இரண்டு மணிக்குப் புரட்டவில்லையென்றால் புரட்டியதாக எழுதவேண்டாம். அடுத்து வருபவர் அந்த முதியவரின் முதுகைத் திருப்பிப் பார்க்கவேண்டும் என்பதை அந்த வெறும் கட்டம் அவருக்குச் சொல்லும்.